கம்பளிக் கணக்கு

இலங்கை மலைநாட்டின் பழைய தோட்டக் கணக்கேடுகளில் அரிசியோடு சேர்த்து எழுதப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அது கம்பளி. வடமொழிக் 'கம்பலம்' என்னும் சொல்லோடு உறவுடைய இச்சொல்லை ஆங்கிலத் துரைமார் தம் நாவுக்கு ஏற்பக் 'கம்ப்ளி' என்று வழங்கினர். யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியிலும் அது இடம் பெற்றது. முரட்டு மயிரால் நெய்த ஒரு போர்வையின் பெயர் துரைமாரின் பேச்சிலும் கணக்கிலும் புகுந்ததற்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது. வெயில் நாட்டில் பிறந்த மக்கள் குளிர் நாட்டில் வெறுங்கையும் வெறுங்காலுமாய் உழைத்த வரலாறு அது. அந்தக் கைகால்களை ஈரத்திலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கும் செலவு யாரைச் சேர்ந்தது என்னும் வழக்கின் வரலாறும் அதுவே.

மலைநாட்டின் குளிர் ஒரே தன்மையானதன்று, அது இருவகைப்படும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 6,000 அடிக்கும் மிகுந்த உயரத்தில், பீதுருதாலகால மலையின் அடிவாரத்தில் அமைந்தது. ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அங்கே வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை சென்டிகிரேடே ஆகும். சனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் குளிர் மேலும் இறங்கி, விடியற்காலையில் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடப்பதுண்டு. இது வறண்ட குளிர். அட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, வட்டவளைப் பகுதிகளின் நிலை வேறு. அட்டன் சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளது. மேற்குக் கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை அம்மலைச் சரிவுகளில் வந்து மோதி மழையைக் கொட்டுகிறது. வட்டவளையில் ஓராண்டில் பெய்யும் மழை 5,000 மில்லிமீட்டருக்கும் அதிகம். அங்கே வாரக்கணக்கில் கதிரவன் முகம் காட்டுவதில்லை. இது ஈரக் குளிர். உழைப்பவர் உடலுக்கு வறண்ட குளிரினும் ஈரக் குளிரே பெரும்பகை.

இக்குளிருக்குள் வந்து சேர்ந்தவர் யாவர்? திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களின் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்கள். ஒற்றைப் பருத்தித் துணியே அவர்களுக்கு ஆண்டு முழுவதும் போதுமான ஆடை. 1820-ஆம் ஆண்டுகளில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை விரிவடைந்தபோது, பழம் பறிக்கும் பருவத்திற்கென அவர்கள் கூட்டங் கூட்டமாய் வந்தனர். இராமேசுவரம் பக்கத்துக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, நீரரிதாகிய காட்டு வழியே தம்புள்ளை கடந்து மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் பசியும் வழியிலேயே பலரைக் கொண்டன. எஞ்சியவர்கள் மெலிந்த உடலோடும் நைந்த துணியோடும் மலையேறினர். 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு நோய் கோப்பிச் செடியைப் பற்றியது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழியத் தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பி ஒரு பருவத்துப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். ஆதலின், முன்பு பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள் இப்போது குடும்பத்தோடு மலையிலேயே தங்கினர். தேயிலை கோப்பியைவிட உயர்ந்த மலைகளிலும் செழித்தமையால், தோட்டங்களும் அவர்களும் குளிரை நோக்கி மேலும் மேலும் ஏறினர். புகைவண்டிப் பாதை 1884-இல் அட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியது.

குளிர் முதலில் கைவிரலையும் கால்விரலையும் பற்றுவதேன் என்பதை உடலியல் அறிஞர்கள் தெளிவாக விளக்குவர். இதயம், நுரையீரல், மூளை ஆகிய உள்ளுறுப்புகளின் வெப்பம் குறையுமாயின் உயிருக்கே இடர். ஆகவே, குளிர் தாக்கியதும் உடல் தன் எல்லைப்புறங்களைக் கைவிட்டுத் தலைநகரைக் காக்க முற்படுகிறது. கைகால்களுக்குச் செல்லும் சிறு குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. வெதுவெதுப்பான குருதி உள்ளே நிறுத்தப்படுகிறது. விரல்கள் வெளிறி மரத்துப் போகின்றன. ஈரமும் கூடிவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். நீர், காற்றினும் பன்மடங்கு விரைவாக உடலின் சூட்டைக் கவர்ந்து செல்லும். எனவே கையையும் காலையும் காப்பதற்கு இரு வழிகள் உண்டு. அவற்றை உலர்வாக வைத்திருப்பது ஒன்று. மார்பையும் முதுகையும் தலையையும் போர்த்து, உடலின் நடுப்பகுதியைச் சூடாக வைத்திருப்பது மற்றொன்று. நடு சூடாக இருந்தால் உடல் தானே விரல்களுக்குக் குருதியை அனுப்பும். கையுறையும் காலணியும் இல்லாத மலைநாட்டுத் தொழிலாளர்க்குப் பெரும்பாலும் இரண்டாம் வழியே கிடைத்தது. அதன் கருவியே கம்பளி.

தக்காணத்து மேட்டு நிலங்களிலும் மைசூர்ப் பகுதியிலும் ஆடு மேய்த்து வாழும் குறும்பர் முதலிய குடியினர் தொன்றுதொட்டுக் கம்பளி நெய்து வந்தனர். கரிய ஆட்டு மயிரைக் கத்தரித்து, கையால் நூற்று, புளியங்கொட்டைக் கஞ்சியில் பாவைத் தோய்த்து விறைப்பாக்கிக் குழித்தறியில் நெய்வது அவர்கள் முறை. இவ்வாறு நெய்த கம்பளி மென்மையானதன்று. தோலில் முள்ளாய்க் குத்தும். எனினும் மழையில் உழைப்பவர்க்கு அதன் குணம் பெரிது. ஆட்டு மயிரில் இயல்பாகவே ஒருவகைக் கொழுப்பு உண்டு. அது மழைத்துளியை உடனே உள்ளே விடுவதில்லை. மயிரிழைகள் சுருண்டு சுருண்டு கிடப்பதால் அவற்றிடையே காற்று சிறைப்படுகிறது. அக்காற்றே சூட்டைக் காக்கும் சுவர். தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழையினுள் வாங்கிக்கொண்டும் தொடுவார்க்கு ஈரம் தோன்றாதபடி வைத்திருக்கும் ஆற்றல் ஆட்டு மயிருக்கு உண்டு. பருத்தியோ நனைந்தவுடன் உடலோடு ஒட்டிக்கொண்டு, இருக்கிற சூட்டையும் உறிஞ்சிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த வேட்டியும் சேலையும் மலைமழையில் பயன்படாமல் போனதும், முரட்டுக் கம்பளி உயிர்த்துணையானதும் இக்காரணத்தாலேயே.

ஆயின், கம்பளிக்கும் ஒரு குறை உண்டு. நாள் முழுவதும் கொட்டும் மழையில் அதன் கொழுப்பும் தோற்றுவிடும். நீர் குடித்த கம்பளி தோளில் பாரமாய்த் தொங்கும், எளிதில் உலராது. இரண்டு கம்பளி வைத்திருப்பவர்க்கு இது பெருங்கவலையன்று. ஒன்றே உடையவர்க்கோ பகலில் மழையை மறைத்த அதே துணிதான் இரவில் போர்வை. ஆடிமாத மழையில் நனைந்த கம்பளியை அடுப்பருகே விரித்து, பாதி உலர்ந்த நிலையில் குழந்தைகளோடு போர்த்திக்கொண்டு உறங்கி, விடியுமுன் தப்பு ஒலிக்கும்போது அதையே மீண்டும் தலையில் போட்டுக்கொண்டு பிரட்டுக் களத்திற்குச் செல்லவேண்டியிருந்தது. தோட்டங்களின் இறப்புக் காரணங்களில் சளிச்சுரமாகிய நிமோனியா நெடுங்காலம் முன்வரிசையில் நின்றது. ஈரக் கம்பளியும் காற்றோட்டமற்ற அறையும் அரைவயிற்று உணவும் ஒன்றுகூடிய இடத்தில் அந்நோய்க்கு எளிதில் வழி கிடைத்தது.

இனி, அந்தக் கம்பளி எவ்வாறு வந்தது என்பதைப் பார்க்கலாம். கங்காணி தன் ஊர்ப்பக்கம் சென்று ஆள் திரட்டும்போது தோட்டத்திலிருந்து முன்பணம் பெற்றுச் செல்வான். திரட்டிய ஆட்களின் ஊர்க்கடன், வழிச்செலவு, வழியில் உண்ட உணவு, உடுத்தக் கொடுத்த துணி, போர்த்தக் கொடுத்த கம்பளி யாவும் அந்த ஆட்களின் பேரிலேயே எழுதப்பட்டன. மலையில் முதல் நாள் வேலைக்கு இறங்குமுன்பே தொழிலாளி கடனாளியானார். அக்கடனின் தொகையை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறொரு தோட்டத்துத் துரை அத்துண்டில் கண்ட தொகையைச் செலுத்த முன்வந்தாலன்றித் தொழிலாளி தோட்டம் மாற இயலாது. குளிரிலிருந்து உயிரைக் காத்த அதே கம்பளி, காலைக் கட்டிய கயிற்றின் ஓர் இழையாகவும் அமைந்தது. கம்பளி இன்றி மலையில் வேலை நடவாது என்பதைத் தோட்டம் நன்கு அறியும். கத்தியும் கூடையும்போல அதுவும் தொழிலுக்கு இன்றியமையாத கருவியே. எனினும் கணக்கில் அது தோட்டத்தின் செலவாக எழுதப்படாமல், கூலியில் கழிக்க வேண்டிய பற்றாக எழுதப்பட்டது.

கிடைத்த ஒரே போர்வையை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் தொழிலாளர் காட்டிய அறிவு பாராட்டத்தக்கது. கம்பளியையோ கோணிச் சாக்கையோ நீளவாட்டில் மடித்து, ஒரு மூலையை மற்றொரு மூலைக்குள் செருகினால், தலையில் கவிழ்க்கக்கூடிய கூம்பு ஒன்று உண்டாகும். இதற்குக் கொங்காணி என்று பெயர். அது தலையையும் முதுகையும் ஒருங்கே மூடும். இரு கைகளையும் வேலைக்கு விட்டுவிடும். குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். கொழுந்து பறிப்பவர்க்கோ இரு கையும் வேண்டும். கூடையின் கயிறு நெற்றிக்கு மேலே உச்சியில் தாங்கும் இடத்தில், மடித்த துணியே மெத்தையாகவும் உதவும். இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குத் துணி படங்கு எனப்பட்டது. நெருங்கி நிற்கும் தேயிலை நிரைகளுக்குள் புகுந்து செல்லும்போது, இலைகளில் தேங்கிய நீரெல்லாம் இடுப்பிலும் தொடையிலும் இறங்கும். வெட்டுண்ட கிளைகள் கீறும். இவ்விரண்டையும் தடுப்பது படங்கு. மேலே கொங்காணியும் நடுவே படங்குமாக, விலை குறைந்த இரண்டு துணிகளைக் கொண்டு ஒரு முழு மழையுடையை மலைநாட்டுப் பெண்கள் அமைத்துக்கொண்டனர்.

ஆனால், கைக்கு மட்டும் உறை இல்லை, இருக்கவும் இயலாது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகிய இளங்கொழுந்தை விரல் நுனியின் உணர்வால் அறிந்து ஒடிக்க வேண்டும். முற்றிய இலை கலந்தால் கணக்கப்பிள்ளையின் கடுஞ்சொல் வரும். உறை அணிந்த விரலுக்கு இளமையும் முதுமையும் தெரியா. பனியில் நனைந்த கொழுந்தைக் காலை முழுவதும் பறிக்கும் விரல்கள் சாயமேறிக் கறுத்து வெடித்தன. வெடிப்பில் ஈரம் புகுந்து எரிந்தது. மழைக்கு ஒதுங்கி நின்றால் அந்த நாள் 'அரைப்பேர்' ஆகிவிடும். அதாவது பாதிக் கூலிதான். நிறுக்கும் இடத்திலும் மழைக்கு ஒரு கணக்கு உண்டு. இலையில் நீர் ஒட்டியிருக்கிறது என்று கொழுந்தின் நிறையிலிருந்து சில இராத்தல்களைக் கழிப்பது வழக்கமாயிற்று. கொழுந்து சுமந்த நீரைத் தராசு அறிந்தது. அதைப் பறித்தவரின் சேலையும் கம்பளியும் சுமந்த நீரை அறியும் தராசு ஒன்றும் தோட்டத்தில் இல்லை.

காலின் கதை இன்னும் பழையது. சர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்பார் 1845 முதல் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்தவர். 1859-இல் வெளியான அவரது இலங்கை பற்றிய பெருநூலில் மலைக்காட்டு அட்டைகளைப் பற்றிய செய்தி விரிவாகக் காணப்படுகிறது. ஈரமான காட்டுப் பாதைகளில் அட்டைகள் திரண்டு வந்து காலில் ஏறும் என்றும், கோப்பித் தோட்டத் துரைமார் நெருங்க நெய்த துணியால் 'அட்டைக் காலுறை' தைத்து அணிந்தனர் என்றும், நாட்டு மக்களோ எண்ணெய், புகையிலைச் சாம்பல், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை உடலில் பூசிக்கொண்டனர் என்றும் அந்நூல் தெரிவிக்கிறது. ஒரே பாதையில் நடந்த இருவகைக் கால்களை இச்செய்தியில் காணலாம். ஒன்று தைத்த உறைக்குள் பத்திரமாக இருந்தது. மற்றொன்று எண்ணெயையும் சாம்பலையும் நம்பி நடந்தது. பின்னாளில் தோட்டத்துப் பெண்கள் சுண்ணாம்பையும் உப்பையும் சவர்க்காரத்தையும் துணைக்கொண்டனர். மழைநீர் அவற்றைக் கழுவிவிட, மீண்டும் மீண்டும் பூசவேண்டியிருந்தது.

அட்டை கண்ணுக்குத் தெரிந்த பகை. கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று மண்ணில் இருந்தது. இத்தாலியில் டுபினி என்னும் மருத்துவர் கொக்கிப்புழுவை முதன்முதலாக விவரித்தது 1843-இல் ஆகும். மனிதக் குடலில் வாழ்ந்து குருதியை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும் இப்புழு உடலுக்குள் எவ்வழியே புகுகிறது என்பது பல்லாண்டு காலம் புலப்படவில்லை. 1898 அளவில் எகிப்தின் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆய்வு செய்கையில், இளம்புழுக்கள் நிறைந்த நீர்த்துளி தற்செயலாக அவர் கையில் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. பின்னர் அவர் உடலிலேயே கொக்கிப்புழு காணப்பட்டது. புழு வாய்வழியே மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உட்புகும் என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. 1902-இல் பென்ட்லி என்னும் மருத்துவர் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ந்து, மழைக்காலத்தில் தொழிலாளரின் பாதங்களில் உண்டாகும் சேற்றுப்புண் போன்ற அரிப்புநோய்க்கும் மண்ணிலுள்ள இப்புழுவுக்கும் தொடர்பு உண்டு என்று எழுதினார். அசாமில் அந்நோயைப் 'பானி காவ்', அதாவது நீர்ப்புண், என்றனர். தேயிலைத் தோட்டத்தின் ஈரமண்ணும் வெறுங்காலும் சேரும் இடமே நோயின் வாயில் என்பது தெளிவாயிற்று.

அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தொடங்கியது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. குளிர் மிக்க உயர்மலைகளில் இப்புழுவின் இளம்பருவம் எளிதில் செழிப்பதில்லை. வெம்மையும் ஈரமும் கூடிய நடுமலைகளிலேயே அது பெருகும். ஆயினும் தோட்டம் மாறிய மக்களோடு புழுவும் எங்கும் சென்றது. சோகை பிடித்த உடலில் குருதி குறைவு; குருதி குறைந்த உடல் குளிரைத் தாங்காது. காலின் வழியே வந்த நோய் கையையும் குளிரச் செய்தது எனலாம். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றுவது எளிதாயிருந்தது. ஆனால், மருந்துண்டவர் மறுநாள் அதே அசுத்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் மீண்டும் நோயாளியாவார். நோயை நிறுத்துவன இரண்டே: லயங்களுக்குக் கழிப்பிடம், கால்களுக்குக் காலணி. கழிப்பிடம் கட்டும் செலவைக் குறித்துத் தோட்ட நிர்வாகங்கள் நெடுநாள் தயங்கின. காலணியோ தோட்டக் கணக்கில் இடம் பெறவேயில்லை.

இதே காலத்தில், ஐரோப்பாவில் நடந்த முதல் உலகப் போர் ஈரக் காலைப் பற்றி இன்னொரு பாடத்தைக் கற்பித்தது. பதுங்கு குழிகளில் தேங்கிய நீரில் நாட்கணக்கில் நின்ற போர்வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, கறுத்து அழுகின. 1914-15 குளிர்காலத்தில் பிரித்தானியப் படையில் மட்டும் சுமார் 20,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். உறைபனி இல்லாமலே, 15 பாகை சென்டிகிரேடை ஒட்டிய குளிரிலும், ஈரம் நீடித்தால் பாதம் இவ்வாறு கெடும் என்று மருத்துவர் கண்டனர். படைத்தலைமை உடனே செயற்பட்டது. உலர்ந்த காலுறைகள் அனுப்பப்பட்டன. திமிங்கில எண்ணெய் பூசும் முறை வந்தது. வீரர்களின் பாதங்களை நாள்தோறும் பார்வையிடுவது அதிகாரிகளின் கடமையாக்கப்பட்டது. ஒரு படைப்பிரிவில் பாதநோய் மிகுந்தால் அதன் அதிகாரியே விடைசொல்ல வேண்டியிருந்தது. இவ்வேற்பாடுகளால் நோய் பெரிதும் குறைந்தது. உழைப்பவரின் கால் உலர்ந்திருப்பது அவரை வேலை வாங்குபவரின் பொறுப்பு என்னும் கொள்கையைப் பிரித்தானிய அரசு பிளாண்டர்ஸ் சேற்றில் ஏற்றுக்கொண்டது. அதே அரசின் கொடியின்கீழ் இருந்த வட்டவளைச் சேற்றுக்கு அக்கொள்கை வந்து சேரவில்லை.

மலையில் கைகாலைக் காய்ச்சிக்கொள்ளும் இடம் வீட்டு அடுப்பு ஒன்றே. லயத்து அறையின் அளவு பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு குடும்பம் முழுவதும் அதற்குள்தான் சமைத்து உண்டு உறங்கியது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் கிளைகளுக்கு மிலாறு என்று பெயர். மாலையில் கூடையை இறக்கிய பெண்கள் வெறுங்கையோடு லயம் திரும்புவதில்லை. ஒரு கட்டு மிலாறைத் தலையில் சுமந்தே திரும்புவர். அந்த விறகின் நெருப்பில் சோறு வெந்தது, கம்பளி உலர்ந்தது, மரத்த விரல்களுக்கு உயிர் வந்தது. சன்னலைத் திறந்தால் சூடு போகும். மூடினால் புகை சூழும். சூட்டைத் தெரிந்தெடுத்த குடும்பங்கள் புகையையும் சேர்த்தே ஏற்றன. நுவரெலியாவின் குளிரோ அக்காலத் துரைமார்க்கு ஒரு செல்வம். சாமுவேல் பேக்கர் 1848-இல் அங்கே குடியேறி ஆங்கில நாட்டுக் கிராமம் ஒன்றைப் படைக்க முயன்றார். 1876-இல் மலைக் கழகம் தோன்றியது. பங்களாக்களில் புகைபோக்கியோடு கூடிய கணப்புகள் எரிந்தன. குளிர் இரு சாராருக்கும் பொதுவாயினும், அதைத் தாங்கும் வசதி பொதுவாக இருக்கவில்லை.

கம்பளிக் கணக்கு மாறத் தொடங்கியது சட்டங்களின் வழியே. இந்தியாவில் எழுந்த கண்டனமும், இலங்கையிற் பொன்னம்பலம் அருணாசலம் முதலிய பெரியோர் எழுப்பிய குரலும் சேர்ந்து, 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1923-ஆம் ஆண்டின் குடிவரவுத் தொழிலாளர் சட்டத்தின்படி, புதிதாக வருவோரின் வழிச்செலவைத் தோட்டங்கள் கட்டணம் செலுத்தும் பொதுநிதி ஏற்றது; தொழிலாளி கடனின்றித் தோட்டத்தை அடையலாயினார். 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1929 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி உயர்மலைத் தோட்டங்களில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்களுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் எனக் கூலி விதிக்கப்பட்டது. நடுமலையினும் தாழ்நிலத்தினும் உயர்மலைக்குச் சில சதங்கள் கூடுதலாக வைக்கப்பட்டன. மலையில் உயிர்வாழும் செலவு மிகுதி என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளமே இவ்வேறுபாடு. குளிருக்குச் சட்டம் விதித்த முதல் விலை அந்தச் சில சதங்கள் என்று கொள்ளலாம்.

கோ. நடேசய்யர் 1931-இல் அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியபின், தொழிலாளரின் குரல் அமைப்பாகத் திரண்டது. பின்னர் நாடு விடுதலை பெற்றது. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964-ஆம் ஆண்டின் உடன்படிக்கையை அடுத்துப் பல இலட்சம் பேர் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டனர். 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992-இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. உடைமை இவ்வாறு கைமாறிக்கொண்டே இருந்தபோது, மழைக்காப்பும் மாறியது. கனத்த கம்பளியின் இடத்தைப் பொலித்தீன் விரிப்பு பிடித்தது. கோணிப் படங்கின் இடத்தில் உரப்பையும் இரப்பர்த் துணியும் வந்தன. இவை நீரை முற்றும் தடுப்பவை, எடை குறைந்தவை, இரவுப் போர்வையை நனையாமல் காத்துத் தருபவை. எனினும் காற்றுப் புகாத விரிப்புக்குள் வியர்வை தங்குகிறது. மேட்டில் ஏறும்போது நனைந்த உடல், நின்று பறிக்கும்போது குளிர்கிறது. கம்பளியின் சூடு பொலித்தீனில் இல்லை. பாதத்தைப் பொறுத்தவரையோ மாற்றம் மிகச் சிறிது. வழுக்கும் சரிவில் பிடிப்புத் தரும் நல்ல காலணி விலை மிகுந்தது. இரப்பர்ச் செருப்பு சேற்றில் வழுக்கும். ஆதலால் வெறுங்காலே நம்பகமானது என்று கருதி மலையேறுவோர் இன்றும் உண்டு.

உலகின் குளிர் நாடுகள் பலவற்றில், மழையிலும் பனியிலும் வேலை செய்வோர்க்குக் கையுறையும் காலணியும் மழையுடையும் வேலை கொடுப்பவர் தரவேண்டியவை. அவை சலுகையாகக் கருதப்படுவதில்லை, தொழிற்கருவிகளாகவே கருதப்படுகின்றன. மலைநாட்டு வரலாறு இவ்வுண்மையை நூறாண்டுக்கு மேலாகச் சொல்லி வந்திருக்கிறது. கம்பளி இன்றித் தேயிலை பறிக்க இயலாது என்பதைத் தோட்டம் முதல் நாளே அறிந்திருந்தது. அறிந்தமையாலேதான் அதைக் கொண்டுவந்து கொடுத்தது. கொடுத்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதில்தான் பிழை நேர்ந்தது.

அட்டன் பக்கத்து மலைகளில் ஆடிக்காற்று வீசும் ஒரு காலையில், பனிமூட்டத்தினூடே நிரைநிரையாகத் தெரியும் உருவங்களைப் புகைவண்டியில் செல்வோர் சன்னல் வழியே காண்பர். தலையில் கவிந்த விரிப்பு, இடுப்பில் சுற்றிய படங்கு, முதுகில் கூடை. அவற்றினிடையே இடைவிடாது இயங்கும் இரண்டு கைகள் மட்டும் திறந்திருக்கும். அக்கைகள் பறித்த கொழுந்து ஆலையின் வெப்பத்தில் உலர்ந்து, பெட்டிக்குள் ஈரம் புகாதபடி காக்கப்பட்டுக் கடல் கடந்து செல்கிறது. தேயிலையை ஈரமின்றிக் காப்பதற்குத் தோட்டம் என்றும் செலவைக் கணக்குப் பார்த்ததில்லை. அதைப் பறிக்கும் கைக்கும் காலுக்கும் அந்த அக்கறை உரியதாகும் நாளில், பழைய கணக்கேட்டின் கம்பளிப் பற்று உண்மையில் தீரும்.